விரல் அசைந்தால் சந்தோஷப்படாதே

சதீசு, போனில் என் பெயரைப் பார்த்ததும் நீ அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாய் என்று கம்பெனியில் உன் லைனில் வேலை செய்கிற பையன் ஒருத்தன் என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொன்னான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் எந்தக் கம்பெனியில் என்ன நடந்துவிடும்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் எட்டாவதை மட்டும் இரண்டு தடவை படித்தேன், ஆகவே ஒன்பதாவது என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் மணிமங்கலம் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரே தன் இடமாற்ற மனுவை என் கையில் கொடுத்து, "நீ எழுதினாத்தான்டா மேலிடத்துல அசையும்" என்றார். அப்படிப்பட்ட கை இது. இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. தெருவில் யார் கேட்டாலும் கொடு. குழந்தைக்கு வலிப்பு வந்த வீடு எதுவாக இருந்தாலும் படிக்கட்டும், அவர்களுக்காவது உதவும். நமக்கு உதவுமா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பன், என் தம்பி, போன பிறகு உன்னை வளர்த்தவன் நான். ஊரார் என்னை உன் பெரியப்பா என்பார்கள். நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை, உன்னை என் மூத்த மகன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு ஒரகடம் ரூட்டில் ஓடுகிற அத்தனை ஷேர் ஆட்டோவும் ஊர்வலமாக வந்தது, போலீஸே சாலையை மறித்து வழிவிட்டது என்று இன்றைக்கும் வண்டியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்தது கொஞ்சம் குறைவுதான். ஆனால் வந்த வண்டி ஒவ்வொன்றும் நாலு வண்டிச் சத்தம் போட்டது, அதை நீ மறுக்க முடியாது.

முதல் நாளிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு நீ ஷிப்டில் இருந்தாய், ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித்தான் உனக்குத் தெரியும். உன் மகள் தன்ஷிகாவுக்கு ஏற்கெனவே காய்ச்சல். மத்தியானம் அம்மா ரேவதியின் மடியில் படுத்திருந்தவள் திடீரென்று விறைத்துக் கையையும் காலையும் வெட்டி வெட்டி இழுத்தாள். "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று பக்கத்து வீட்டிலிருந்து கத்திக்கொண்டு வந்தார்கள். நான் என் ஆட்டோ சாவியைத்தான் அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றுவிட்டது. "பெரியவரு வண்டி சாவிக்கு இன்னா ராசி பாரு" என்றார்கள். நானும் சும்மா இல்லை, "எத்தினி ஆயிரம் பேரை வூட்டுல கொண்டாந்து சேர்த்த சாவி இது" என்று மார்தட்டினேன். ரேவதிதான், "மாமா, கண்ணு பாதி தொறந்தாப்புல கீது மாமா, ஒரு பக்கமாவே பாக்குறா" என்றாள். "அசந்து தூங்குது புள்ள, எழுப்பாதே" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம். அது தூக்கமே இல்லை, சதீசு. இழுப்பு கை காலை விட்டிருந்தது, தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி உடம்பு முழுக்க வெட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதைப் படிக்கிற வேறு வீட்டார் கேட்டுக்கொள்ளுங்கள்: இரும்பு வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே வண்டியை எடுங்கள். இழுப்பு நின்றும் பிள்ளை கண் விழித்து உங்களைப் பார்க்கவில்லையென்றால் அது நிற்கவில்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தாமதித்ததால்தான் இவ்வளவும் ஆயிற்றா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்படி யாராலயும் சொல்ல முடியாதுங்க. காய்ச்சலே மூளையைத் தாக்கியிருக்கு. சீக்கிரம் வந்தவங்களுக்கும் இப்படி ஆகியிருக்கு" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதா, நிஜமா என்று கண்டுபிடிக்க அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அந்த டாக்டரம்மாவுக்கு நம் ரேவதி வயதுதான் இருக்கும். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே அவர்தான் பெரிய டாக்டர் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவர் பேசவே மாட்டார், ஆகவே அவரை நான் கணக்கில் எடுக்கவில்லை. குழந்தை தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒயராக ஒட்டி, கட்டு கட்டி, எல்லாவற்றையும் ஒரு திரையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். கட்டிலுக்கு மேலே ஒரு கேமராவும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மூச்சுக்குத் தனி மெஷின், வாயில் குழாய். "இவ்வளவு மருந்து போட்டுத் தூங்க வச்சிருக்கீங்க, அசையவே இல்ல. அப்புறம் எதுக்கும்மா இந்த ஒயரு?" என்று கேட்டேன். "வெளியில அடங்கின மாதிரி தெரியும், உள்ள ஓடிக்கிட்டே இருக்கலாம். நம்ம கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கோடு மட்டும்தான் சொல்லும்" என்றார். உடனே பிடித்துக்கொண்டேன். "வண்டி நியூட்ரல்ல நிக்குது, வீல் சுத்தல. ஆனா ஆக்சிலேட்டர் கேபிள் மாட்டிக்கிச்சு, இஞ்சின் கத்திக்கினே கீது. அப்படியே வுட்டா இஞ்சின் வெந்துபூடும். அதானே?" என்றேன். டாக்டரம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். இனிமேல் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தான் பாடம் எடுப்பாராம். அதை அவர் வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

அதோடு எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள். ஒயரின் நுனியில் ஒரு பட்டன். கை, கால், கண், வாய் எங்கே ஒரு அசைவு தெரிந்தாலும் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்த நேரத்துக் கோட்டில் ஒரு அடையாளம் விழும், டாக்டர்கள் அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பார்கள். காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியைப் பூட்டி, மின்சார ரயிலேறி வந்து உட்கார்ந்தால் பகல் முழுக்க அந்தப் பட்டன் என் கையில்தான். ஆஸ்பத்திரியே என்னை வேலைக்கு எடுத்துவிட்டது என்று ஸ்டேஷன் வாசலில் சொல்லிவிட்டேன். ஆரம்பத்தில் எதற்கெடுத்தாலும் அழுத்தினேன். அங்கே தூத்துக்குடிப் பக்கத்து சிஸ்டர் ஒருத்தி இருக்கிறாள், வாய் நீளம். "பெரியவரே, அது மிஷின் மூச்சுக்கு நெஞ்சு தூக்குதுல்லா, அதுக்குமா அமுக்குதிய? ஆட்டோ ஹாரன்னு நெனச்சிட்டியளா?" என்பாள். "ஏம்மா, நான் அமுக்காம வுட்டு எதுனா ஆயிட்டா?" என்றால், "நீங்க அமுக்காட்டாலும் மிஷின் எழுதிட்டுத்தான் இருக்கும், பதறாதிய" என்று போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போவாள்.

நீ வந்த அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று திரையில் கோடெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. எப்போதாவது ஒரு துள்ளல், மறுபடி படுக்கை. நீ அதைப் பார்த்தாய், குழந்தையைப் பார்த்தாய். "பெரிப்பா, கோடு நின்னுபூச்சு பெரிப்பா, ஒருத்தரும் சொல்லலியே" என்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். சினிமாவில் காட்டுகிற கோடு இருதயத்தின் கோடு, சதீசு. அது வேறு பெட்டியில், குழந்தையின் வலப்பக்கம், ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. இது மூளைக் கோடு. மருந்தை ஏற்றி ஏற்றி அது படுக்க வேண்டுமென்றுதான் அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள். படுத்துக் கிடந்தால் வலிப்பும் படுத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். சிஸ்டர் ஓடிவந்து சொல்வதற்குள் நீ படியிறங்கிப் போய்விட்டாய். அதற்கப்புறம் வரவேயில்லை. நாம் பார்த்ததிலேயே நல்ல நாள் அதுதான், அன்றைக்குத்தான் நீ ஓடினாய்.

இனி விரல் விஷயம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஆரம்பித்திருந்தார்கள். மத்தியானம் நான் கட்டிலருகே உட்கார்ந்து அவளிடம் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரி குறுக்கே நின்று, நான் இறங்கிக் கையைக் காட்டியதும் நாலு பக்கமும் வழிவிட்ட கதை. அப்போது அவளுடைய வலது கைக் கட்டைவிரல் அசைந்தது. மெதுவாக, தாளம் போடுகிற மாதிரி, டக், டக் என்று. என் கதைக்குத்தான் பதில் சொல்கிறாள் என்று நினைத்தேன். பட்டன் என் மடியில் கிடந்தது, நான் போனைத்தான் எடுத்தேன். உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். விரல் அசைந்தது நிஜம். என் கையை இறுக்கிப் பிடித்தாள் என்றது நான் சேர்த்தது. "அப்பா"ன்னு உதடு முணுமுணுத்துச்சுடா என்றதும் நான் சேர்த்ததுதான். வாயில் குழாய் இருக்கும்போது உதடு எப்படி முணுமுணுக்கும்? நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நீ லைன் முழுக்க சாக்லேட் கொடுத்தாயாம். ரேவதி குன்றத்தூர் மலைக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள். நான் சிஸ்டரைக் கூப்பிட்டு, "பாரும்மா, எம் பேத்தி விரலாலயே பேசுறா" என்றேன். அவள் ஒரு தடவை பார்த்தாள். என்னைக் கிண்டல் செய்யவில்லை. பட்டனை எடுத்து அவளே அழுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டரம்மா திரையைக் காட்டினார். படுத்துக் கிடந்த கோடெல்லாம் எழுந்து ஒரே சீராக, ரம்பப் பல்லைப் போல ஓடிக்கொண்டிருந்தது. "ஐயா, விரலை அவ அசைக்கல. உள்ள வலிப்பு வந்திருக்கு, அதுதான் அசைக்குது" என்றார். மருந்தை மறுபடி ஏற்றினார்கள். நான் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். டக், டக் என்றது கொஞ்சம் இடைவெளி விட்டது, இன்னும் கொஞ்சம் விட்டது, அப்புறம் நின்றுவிட்டது. கோடும் பழையபடி படுத்துக்கொண்டது. சிஸ்டர் "அப்பாடா" என்றாள். எனக்கு மட்டும் அந்த விரல் இன்னொரு தடவை அசையாதா என்று இருந்தது. அசைந்தால் அவளுக்குக் கெடுதல் என்று தெரிந்தும் அப்படி இருந்தது. உனக்கு மறுநாள் போன் செய்து, "டாக்டருங்க கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கலாம்னாங்க" என்று மழுப்பினேன். ரேவதியிடம் டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வேறு மருந்து சேர்த்தார்கள். மூக்குக் குழாய் வழியாகக் கொழுப்பு மட்டும் உள்ள ஒரு விதமான உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். சில பிள்ளைகளுக்கு அதில் அடங்குமாம். ஒவ்வொரு முறையும் மருந்தைக் குறைப்பார்கள், கோடு எழுந்துகொள்ளும், மறுபடி ஏற்றுவார்கள். ஸ்கேனில் மூளையின் இரண்டு பக்கமும் பாதிப்பு பரவியிருக்கிறது என்றார்கள். நேற்று டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் நின்றுகொண்டே பேசியவர். வியாழக்கிழமை காலையில் கடைசியாக ஒரு தடவை மருந்தை மெதுவாகக் குறைத்துப் பார்க்கப் போகிறார்களாம். "வலிப்பு நின்னுடுமாம்மா?" என்றேன். "நிக்கும்னு எனக்கு நம்பிக்கை குறைவுதாங்க. நின்னாலும் அவ பழையபடி பேசுவா, உங்களை அடையாளம் தெரிஞ்சுக்குவான்னு என்னால சொல்ல முடியல" என்றார். நின்றுவிடாமல் திரும்பி வந்தால் மறுபடி மருந்தை ஏற்றுவதா, இல்லை அவளை வதைக்காமல் விட்டுவிடுவதா என்பதைப் பேச வேண்டுமாம். "என்கிட்டயே பேசும்மா, இந்தக் குடும்பத்துல எல்லாம் நான்தான் முடிவு பண்றது" என்றேன். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் கடினமானது. "அவங்க அம்மாவும் அப்பாவும் வரணும். அம்மா தினமும் இங்கதான் இருக்காங்க. அப்பா எங்க?" என்றார். கம்பெனியில் ஓ.டி. பார்க்கிறான் என்று சொன்னேன்.

ஓ.டி. எதற்கு என்று எனக்குத் தெரியும், சதீசு. சூப்பர்வைசர் லீவு தருகிறேன் என்று சொல்லியும் நீதான் வேண்டாம் என்றாயாம், அதையும் அந்தப் பையன்தான் சொன்னான். லைன் ஓடுகிறவரை உன் கை எதையாவது முறுக்கிக்கொண்டிருக்கும், இங்கே வந்தால் கைக்கு வேலை இல்லை. ரேவதியிடம், "பாப்பா கண்ணு முழிக்கட்டும், அன்னிக்கி வரேன்" என்றாயாம். அந்த நாள் வராமலே போகலாம். அவள் கண் திறந்தாலும் அது உன்னைப் பார்ப்பதாக இருக்காது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். வண்டியில் என் பக்கத்தில் நின்றுகொண்டு "ஒரகடம், ஒரகடம், ஒரகடம்" என்று கத்துவாளே, பின்னால் திரும்பி, "அண்ணா, இன்னும் ஒர்த்தரு குந்துவாங்க, தள்ளிக் குந்து" என்று கம்பெனி யூனிபார்ம் போட்ட ஆட்களையெல்லாம் அதட்டுவாளே, அந்தத் தன்ஷிகா மறுபடி எழுந்து வந்தால்தான் வருவேன் என்று நீ இருந்தால், நீ வரப்போவதே இல்லை. இப்போது இருக்கிறவளும் அவள்தான். அவளைப் பார்க்க வா. இதற்கு மேல் இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ரூட்டில் பேசிப் பேசியே வண்டி ஓட்டியவனுக்கு இந்த இடத்தில் சேர்த்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ரேவதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவள் உன்மேல் கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். நேற்று டாக்டரம்மா போன பிறகு, "மாமா, இனிமே மருந்து வேணான்னு சொல்ற வார்த்தைய நான் ஒர்த்தியே சொன்னா, காலத்துக்கும் அது என் வாயிலயே நிக்கும். அவரு பக்கத்துல இருந்தா ரெண்டு பேரும் சொன்னதா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மொட்டைக்கு நேர்ந்தது என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீ வந்து பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவள் அந்த வார்த்தையைச் சொன்னாலும், சொல்ல முடியாமல் போனாலும், பக்கத்தில் இரு.

வியாழக்கிழமை காலை ஷிப்டுக்கு நான் வண்டி எடுக்கப் போவதில்லை. ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். இரண்டு பேரும் சேர்ந்து ரயிலேறலாம். வழியில் நான் பேச மாட்டேன், என்னை நம்பு. உள்ளே போனதும் திரையைப் பார்க்காதே, அதைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விரலோ கண்ணிமையோ அசைந்தால் சந்தோஷப்படாதே, சிஸ்டரைக் கூப்பிடு. அசையாமல் கிடந்தால் பயப்படாதே. அன்றைக்கு நீ எங்கே தொடுவது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். தலை முழுக்கக் கட்டு, இரண்டு கையிலும் ஊசி, வலது கால் விரலில் சிவப்பு விளக்கு எரிகிற கிளிப். இடது காலில் ஒன்றும் கிடையாது. போர்வையைக் கொஞ்சம் விலக்கினால் தெரியும், கொலுசு போட்ட தடம் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் சில்லென்றிருக்கும். அதை உன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்.